இடது இறக்கையில் பச்சை

செய்தி பள்ளிக்கூடத்துக்கே வந்தது. ஏழாம் வகுப்புக்குக் கரும்பலகையில் பூசணிப்பூ வரைந்துகொண்டிருந்தேன். வாசலில் கரமனை ராமசுப்பய்யர் குடையை மடக்காமல் நின்றார். மழை விட்டு அரைமணி ஆகியிருந்தது.

"ஓய் மாஸ்டர், பூதலிங்கம் போயிட்டார். காலம்பற காப்பி சாப்பிட்டுண்டிருந்தவர் மாரைப் பிடிச்சுண்டு சாஞ்சுட்டாராம்."

நான் பூவின் கடைசி இதழையும் வரைந்துவிட்டுத்தான் கையைத் துடைத்தேன். துக்கம் இல்லாமல் இல்லை. அவர் இருக்கும்போதே சொல்லவேண்டிய ஒன்றை நாலு பேர் முன்னால் சொல்லாமல் காலம் கடத்தினவனுக்கு, சுண்ணாம்புக் கட்டியைக் கீழே வைக்கக் கை வரவில்லை.

அடுத்த ஞாயிறு, சின்ன விமானங்கள் செய்யும் நம் கூட்டத்தில் இரங்கல் நடந்தது. பேசியவர்களில் பாதிப்பேர் அவர் விலகிய பிறகு சேர்ந்தவர்கள். ஒருவர், "பூதலிங்கம் பிள்ளை புகழை விரும்பாதவர், அடக்கத்தினால் ஒதுங்கிக்கொண்டார்" என்றார். எல்லோரும் தலையாட்டினீர்கள். அடக்கமாம், அடக்கம்! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயில் கொழுக்கட்டை. ஆகவே எழுதுகிறேன். அவரைத் தெரிந்தவர்களும் தெரிந்ததாக நினைக்கிறவர்களும் படிக்கட்டும்.

ஆரம்பத்தில் நாங்கள் நாலு பேர். தந்தி ஆபீஸ் குமாஸ்தா ராமசுப்பய்யர், சாலைக் கம்போளக் கடைத்தெருவில் கடிகாரம் பழுது பார்க்கும் மாதவன் நாயர், டிராயிங் மாஸ்டராகிய நான், அப்புறம் பூதலிங்கம் அண்ணாச்சி. அண்ணாச்சி நாஞ்சில் நாட்டுக்காரர். சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் நிலப்படத்துக்குக் கறுப்பு மையில் கோடு போடுவது அவர் உத்தியோகம். ராமசுப்பய்யர் வீட்டு முன்னறையில், நான் வேதக்கோயில் ஆராதனை முடிந்து வந்ததும், மேசையைச் சுற்றி உட்காருவோம். மரத்தில் செதுக்கிய கையகல விமானங்கள். சீமையிலிருந்து வரும் பத்திரிகைப் படத்தை வைத்து அளவெடுத்து, இழைத்து, தேய்த்து, வர்ணம் பூசுவோம். பெற்ற பிள்ளைக்குக்கூட அவ்வளவு நேரம் நாங்கள் தலைசீவி விட்டதில்லை.

இன்றும் நீங்கள் கடைப்பிடிக்கும் சட்டம் அவர் போட்டதுதான். முடிந்த விமானம் கைக்குக் கை போகும். ஒவ்வொருவரும் ஒரு குற்றம் சொல்லியாக வேண்டும். செய்தவன் வாய் திறக்கக் கூடாது. அதற்குப் பிறகுதான் அலமாரியில் இடம். "குத்தம் சொல்லுகவன்தான் கூட்டாளி வேய். கொள்ளாம், நல்லாருக்குன்னு சொல்லிட்டுப் போறவன் விருந்தாளி" என்பார். ஒருமுறை நாயரின் விமானத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்து, "நாயரே, வாலு ஒரு நூலு எடப்பக்கம் சாஞ்சிருக்கு" என்றார். நாயர் இரண்டு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் வாரம் வாலைப் பிடுங்கித் திரும்ப ஒட்டி எடுத்துவந்தார்.

அந்தச் சட்டத்தை நாங்கள் மூவரும் முதல் வருடமே மீறினோம். அண்ணாச்சி தபால் விமானம் ஒன்று செய்து வந்தார். ஊரே பார்த்திருந்த விமானம் அது. சக்கரத்தின் நடுவில் சிவப்பு வட்டம். இவர் பச்சை பூசியிருந்தார். பூசிவிட்டு, "செவப்பு எப்படி எடுத்துக் காட்டுது பாத்தேரா?" என்று வேறு கேட்டார். நாயர் என்னைப் பார்த்தார். நான் ஐயரைப் பார்த்தேன். ஐயர் இறக்கைக் கம்பி தளர்ந்திருக்கிறது என்றார். நாயர் சக்கரம் சிறிது என்றார். நான் என்ன சொன்னேனோ நினைவில்லை. நிறத்தைப் பற்றிச் சொல்லவில்லை.

அவர் போனபின் வாசலில் ஐயர் கேட்டார்: "என்னங்காணும், சொல்லிடலாமா?"

"வேண்டா, வேண்டா" என்றார் நாயர். "படம் வரைக்கிற ஆளாக்கும். சிவப்பும் பச்சையும் தெரியாதுன்னு ஆபீஸ்ல அறிஞ்சா ஜோலி போகும். நம்ம வாயால வேண்டா, கேட்டோ?"

அவருடைய ஆபீஸில் தலைமை வரைவாளர் பதவி இன்னும் இரண்டொரு வருடத்தில் காலியாகும் என்று இருந்தது. அதற்கு இவர்தான் என்று ஆபீஸே சொல்லிக்கொண்டிருந்தது. ஆகவே முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தோம். அந்த வட்டத்தை நானே ரகசியமாகச் சிவப்பாக்கினேன். அன்று முதல் கூட்டத்துக்கு வர்ணம் குழைப்பது என் வேலை என்று ஆக்கிக்கொண்டேன். விழிஞ்ஞத்துக் கடற்கரையில் பொறுக்கிய சிப்பிகளில் குழைப்பேன். வாயால் சொல்லி வைத்தால் மேசையில் சிப்பி இடம் மாறிவிடும். அதனால் சிப்பி விளிம்பில் கத்தியால் வெட்டுவேன்: சிவப்புக்கு ஒரு வெட்டு, பச்சைக்கு இரண்டு. எதற்கு என்று நான் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை. அதற்குப் பிறகு அவர் பூசிய ஒரு நிறமும் தப்பவில்லை.

உலகச் சண்டைக்கு முந்தின வருடம் ராமசுப்பய்யர் சீமையிலிருந்து ஒரு பெட்டி வரவழைத்தார். திருவனந்தபுரத்தில் நாங்கள் கண்ட முதல் பிளாஸ்டிக் விமானம். இரண்டு எஞ்சின் குண்டுவீச்சு விமானம். செதுக்க வேண்டாம், துண்டுகளை ஒட்டினால் போதும் என்று போட்டிருந்தது. திறந்தால் கப்பல் வெக்கையில் இறக்கைகள் பப்படம்போல் சுருண்டு கிடந்தன. நாங்கள் கைவிட்டுவிட்டோம். அண்ணாச்சி வீட்டுக்கு எடுத்துப்போய், இளஞ்சூட்டு வெந்நீரில் நனைத்து, இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே வைத்து, தினம் ஒரு மயிரிழையாக நிமிர்த்தினார். இரண்டு மாதம். அந்தப் பசையில் பழுத்த வாழைப்பழ வாசனை அடிக்கும். அவர் ஆபீஸுக்குப் போனாலே எறும்பு மொய்க்கும் என்று நாயர் கேலி செய்வார். ஒட்டிக் கொண்டுவந்தபோது இறக்கைகள் நேராக நிமிர்ந்திருந்தன. ஒட்டின இடம் தெரியவில்லை.

நானும் அதே சமயத்தில் ஈரடுக்கு இறக்கை விமானம் ஒன்றை எட்டு மாதமாகச் செய்துகொண்டிருந்தேன். ஊரில் கைத்தொழில் கண்காட்சி வந்தது. நம் கூட்டத்துக்கு ஒரு மேசை. இரண்டு விமானம் வைக்கலாம். என்னுடையது ஒன்று என்று மனசுக்குள் தீர்மானமே செய்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அது அண்ணாச்சி கைக்குப் போயிற்று. திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வர்ணம் கொள்ளாம். வர்ணத்தச் சொரண்டினா அடியில தடி. றெக்கை இம்புட்டுத் தடிமன் இருந்தா இது பறக்காது வேய், தத்தும். இத வைக்கப்பிடாது."

சட்டப்படி நான் வாய் திறக்கவில்லை. என்னுடையதற்குப் பதில் நாயருடையது போயிற்று. அண்ணாச்சி சொன்னது சரி. அதுதான் பொறுக்கவில்லை. தப்பாகச் சொல்லியிருந்தால் அன்றே மறந்திருப்பேன்.

கண்காட்சியன்று காலை. எல்லாம் முடிந்து, இறக்கை நுனி விளக்குகள் மட்டும் பாக்கி. விமானத்துக்கு இடது நுனியில் சிவப்பு விளக்கு, வலது நுனியில் பச்சை. கடுகளவு இரண்டு சொட்டு. அண்ணாச்சி தூரிகையை நீட்டிக்கொண்டு காத்திருந்தார். நான் இரண்டு சிப்பியில் குழைத்தேன். கத்தியைக் கையில் எடுத்தேன். திரும்ப வைத்தேன். பச்சையை அவருக்கு இடப்பக்கமும் சிவப்பை வலப்பக்கமும் வைத்துவிட்டு, கை கழுவக் கிணற்றடிக்குப் போனேன். மறந்துவிட்டேன் என்று ஐயரிடமும் நாயரிடமும் சொன்னேன்; அவர்கள் எனக்கே ஆறுதல் சொன்னார்கள். நான் மறக்கவில்லை. அது வயிற்றெரிச்சல், வேறொன்றும் இல்லை.

கண்காட்சிக்கு விருந்தாளியாக வந்தவர் விமானம் ஓட்டும் வெள்ளைக்காரர். நம் மேசையில் குனிந்தார், வியந்தார், பிறகு சிரித்தார். "இது பின்பக்கமாகப் பறந்துபோகிறதா?" என்று இங்கிலீஷில் கேட்டார். விளக்குகள் இடம் மாறியிருப்பதைக் காட்டினார். கூடம் சிரித்தது. "யானைக்கும் அடி சறுக்கும்" என்று யாரோ சொன்னார்கள். அதோடு விட்டிருந்தால் போயிருக்கும். அண்ணாச்சியின் மேலதிகாரியும் கூட்டத்தில் இருந்தார். அவரும் சிரித்துக்கொண்டே, "என்ன பூதலிங்கம், இதில் எது சிவப்பு?" என்று விளையாட்டாகக் கேட்டார்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

அவர் விரலை இடது நுனியில் வைத்தார். "இதுதான் சார் செவப்பு" என்றார்.

சிரிப்பு நின்றது.

அடுத்த வாரம் கண் டாக்டரிடம் அனுப்பினார்கள். அதற்கடுத்த மாதம் பழைய காகிதக் கட்டுகள் அடுக்கும் அறைக்கு மாற்றினார்கள். தலைமை வரைவாளர் பதவி அவரைவிட எட்டு வருடம் இளைய ஒருவருக்குப் போயிற்று. வேலை போகவில்லையே என்று எல்லோரும் சொன்னோம். கோடு போட்ட கை, தூசி தட்டிற்று. நம் கூட்டத்துக்கு அவர் அப்புறம் வரவில்லை. இதைத்தான் அடக்கம் என்றீர்கள்.

சண்டை வந்தது. எதிரி விமானத்தை வடிவம் பார்த்து அடையாளம் காண ஊர்க்காவல் ஆட்களுக்கு என் பள்ளிக்கூடத்தில் பயிற்சி நடந்தது. உத்தரத்தில் நூல்கட்டி மர விமானங்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். எல்லாம் கறுப்பு. அண்ணாந்து பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டேன். அந்த இறக்கை ஒரே ஒருவர் கையில்தான் அப்படி மெலியும். அன்று சாயங்காலமே வலியசாலையில் அவர் வீட்டுக்குப் போனேன். நாலு வருடத்துக்குப் பிறகு.

கறுப்பு பூசிக்கொண்டிருந்தார். தலை நிமிராமல், "வாரும் மாஸ்டரே" என்றார்.

"உங்க கைதான்னு பார்த்ததும் தெரிஞ்சிது, அண்ணாச்சி."

"கறுப்புல்லா. இதுக்குச் சிப்பியில வெட்டு வேண்டாம்."

"அப்ப, வெட்டு எதுக்குன்னு..."

"மொத மாசமே பிடிகிட்டிச்சு. எனக்குச் செவப்பு தெரியாதுன்னு எங்க அம்மைக்கே தெரியாது. தெரிஞ்சுக்கிட்ட ஒருத்தன், வாயத் தொறக்காம சிப்பியில வெட்டி வைக்கான். அவன்ட்ட போயி எதுக்கு வெட்டுகேருன்னு கேக்கதா? அந்த மரியாதைய நான் கெடுக்கலாமா வேய்?"

"அன்னைக்கு வெட்டு இல்லையே. கேட்டிருக்கலாமே."

அப்போதுதான் நிமிர்ந்தார். "தடவிப் பாத்தேன். ரெண்டு சிப்பியும் வழுவழுன்னு இருந்திச்சு. அவசரத்துல விட்டுட்டேரு, ஆனா வரிசை மாத்தி வைக்கமாட்டேருன்னு நெனச்சேன். எடப்பக்கம் இருந்தத எடப்பக்கம் வச்சேன். வெள்ளைக்காரன் சொன்னதவிட ஒம்ம சிப்பியத்தான் நம்பினேன்."

"மன்னிச்சிருங்க, அண்ணாச்சி."

"மன்னிக்கதெல்லாம் ஒங்க வேதக்கோயில் ஜோலி. அங்க கேளும். எனக்கு இது காயதுக்குள்ள அடுத்தது தேய்க்கணும்."

ஒரு காப்பி வந்தது. குடித்தேன். வந்துவிட்டேன். அவர் என்னை மன்னிக்கவில்லை. மன்னித்ததாக அழகாக எழுதிவிடலாம். அவர் இல்லை, யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் குற்றத்தை மறைத்து எழுதினால் அவர் கூட்டாளி என்று சொல்லிக்கொள்ள எனக்கு வாய் ஏது.

பதினாறாம் நாள் போயிருந்தேன். அவர் வீட்டம்மா உள்ளேயிருந்து ஒரு பிஸ்கட் தகரத்தை எடுத்து வந்தார். "மாஸ்டரு வந்தா குடுக்கணும்னு சொல்லியிருந்தாவ. புள்ளையள ஒருநாளும் இத அண்ட விட்டதில்ல" என்றார். தகரத்தில் அந்தப் பிளாஸ்டிக் விமானம். நிமிர்த்திய இறக்கைகள் மறுபடி லேசாகச் சுருளத் தொடங்கியிருந்தன. இடது நுனியில் பச்சை, வலதில் சிவப்பு, அப்படியே இருந்தன. மாற்றிப் பூச அவருக்கு இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது. பூசவில்லை. அடியில் பஞ்சு சுற்றி அன்றைய இரண்டு சிப்பிகளும் இருந்தன, வர்ணம் காய்ந்து, வெட்டு இல்லாமல்.

சிப்பிகளை நான் வைத்துக்கொள்கிறேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவைதான். விளிம்பைத் தடவினால் விரலில் ஒன்றும் தட்டுப்படாது. தினமும் தடவுகிறேன். விமானம் கூட்டத்துக்கு உரியது. கண்காட்சி அவசரத்தில் அது நம் மேசையைச் சுற்றி வராமலே போயிற்று. அதன் குற்றத்தை யாரும் இன்னும் சொல்லவில்லை. வரும் ஞாயிறு கொண்டுவருகிறேன். சட்டம் தெரியுமல்லவா? கைக்குக் கை போகும், ஒவ்வொருவரும் ஒரு குற்றம் சொல்ல வேண்டும், செய்தவர் வாய் திறக்கமாட்டார். முதலில் நான் சொல்கிறேன்.