கூப்பிடச் சொல்லிவிட்டுக் காணாமல் போகிறவர்

"ரெடியானதும் ஒரு போன் போடுங்கண்ணே, பறந்து வாரேன்" என்று ஆரப்பாளையம் மெக்கானிக்கிடம் பைக்கை விட்டுவிட்டு, பத்தடி நடப்பதற்குள் போனை அணைத்துவிடுவார் தங்கப்பாண்டி. டெய்லர், கேஸ் சிலிண்டர் போடுகிறவர், இவருக்குப் பெண் பார்க்கும் தரகர், எல்லாருக்கும் இதே கதிதான். கேட்டால், "புரோகிராம் கோடு எழுதுறப்ப தொந்தரவா இருக்கும்ல?" என்பார்.

கோச்சடையில் ஒரு மாடியில் இயங்கும் சின்ன சாப்ட்வேர் கம்பெனிக்கு இவர்தான் சீனியர். ஐடி கார்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் கோயிலுக்கே போவார். புரோகிராம் நின்றுபோனால் முதலில் கரண்டைத் திட்டுவார், அப்புறம் வயரை, அப்புறம் பக்கத்து சீட்டுக்காரரை. தாம் எழுதிய கோடைத் திட்டியதாகச் சரித்திரமே இல்லை.

வாடிப்பட்டிப் பக்கத்துப் பால் சொசைட்டி ஒன்றுக்கு இவர் புரோகிராம் எழுதினார். பாலைச் சோதிக்கும் மெஷினுக்குத் தெரிந்தது சி என்கிற கம்ப்யூட்டர் மொழி. இவர் எழுதுவது பைத்தான். 'சோதித்து முடித்ததும் இதைக் கூப்பிடு' என்று தம் பைத்தானில் எழுதிய ஒரு ஃபங்ஷனை, அதாவது சின்னக் கட்டளைத் தொகுப்பை, சியின் கையில் கொடுத்தார். கொடுத்ததோடு சரி, தம் பக்கம் அதைப் பிடித்து வைக்கவில்லை. யாரும் பிடித்து வைக்காததைப் பைத்தான் ஏதாவது ஒரு நேரத்தில் குப்பை என்று கூட்டித் தள்ளிவிடும். சி பாவம், சொன்ன சொல்லை நம்பி அங்கே போய்க் கூப்பிடும். ஆள் இருக்காது. புரோகிராம் மொத்தமும் விழுந்துவிடும்.

"அண்ணே, அந்த ஃபங்ஷனை ஒரு வேரியபிள்ல போட்டுப் பிடிச்சு வச்சிருங்க. ஒரே வரிதான்" என்று உடன் வேலை பார்க்கும் தமிழ்வாணி எத்தனையோ தடவை சொன்னாள்.

"எனக்கேவா? மிஷினுதான் கோளாறு தாயி."

புரோகிராம் இன்னொரு தடவை விழுந்தால் எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிவிட்டுப் பழைய கணக்கு நோட்டையே எடுப்பதாகச் சொசைட்டிச் செயலாளர் சொல்லிவிட்டார். மூன்று மாத உழைப்பும் சீனியர் பட்டமும் மறுநாள் காலை சொசைட்டியில் நின்ற பால் வரிசையில் தொங்கின. ஆறு கேன் ஒழுங்காகப் போயிற்று. ஏழாவது, பால் ஊற்ற வந்த இருளாயியுடையது. புரோகிராம் விழுந்தது.

"ஏந்தம்பி, எம்பாலு திரியுறதுக்குள்ள சொல்லிருவியா?" என்றாள் அவள். வரிசையே சிரித்தது.

தங்கப்பாண்டிக்குத் தமிழ்வாணி சொன்னதுதான் சரி என்று அந்த நிமிடமே புரிந்துவிட்டது. விழுந்ததைவிட அதுதான் அதிகம் வலித்தது. "அஞ்சே நிமிசம்" என்று செயலாளரிடம் கெஞ்சினார். யாருக்கும் தெரியாமல் லேப்டாப்பைத் தம் பக்கம் திருப்பி, அந்த ஒரு வரியை எழுதினார். மறுபடி ஓட்டுவதற்கு முன் எழுந்து போய், வரிசை முழுக்கப் பார்க்கும்படி, மெஷினின் விலாவில் ஓங்கி இரண்டு அறை விட்டார்.