ஆகாயத்தில் வந்த கோல்கீப்பர்

என் வாழ்நாளில் நான் ஒரே ஒரு கால்பந்தாட்டம்தான் ஆடியிருக்கிறேன். அதற்கு ஆகாய விமானத்தில் போய் இறங்கினேன். இதைச் சொன்னால் பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். நானும் சிரித்தபடியேதான் இத்தனை வருஷமாகச் சொல்லி வந்திருக்கிறேன். சொல்லாமல் விட்ட பகுதியையும் சேர்த்து இப்போது எழுதிவிடுகிறேன். யாரிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டுமோ, அவன் இறந்துபோய் வெகு காலமாகிறது.

மலாயாவை ஜப்பான்காரன் ஆண்ட காலம். கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் நான் சின்னக் கிராணி, அதாவது குமாஸ்தா. வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பிறகு, ஈப்போவிலிருந்த ஒரு ஜப்பானிய அதிகாரிதான் எங்களுக்குத் துரை. ஆங்கிலப் பள்ளியில் படித்தவன் என்பதால் என்னை ஜப்பானிய மொழி வகுப்புக்கு அனுப்பினார்கள். சீக்கிரமே பிடித்துக்கொண்டேன். அவர் சொல்வது தோட்டத்துக்கும், தோட்டம் சொல்வது அவருக்கும் என் வாய் வழியாகத்தான் போகும்.

அந்த வருஷம் பொங்கலையொட்டி அவருக்கு ஒரு உற்சாகம் வந்தது. தானா ராத்தா கோல்ப் திடலில் எங்கள் தோட்டத்துக்கும் டவுன்காரர்களுக்கும் கால்பந்து. போகியன்று ஆட்டம். ஜெயிக்கிற பக்கத்துக்கு இரண்டு மூட்டை அரிசி.

அரிசி என்றால் அப்போது என்ன என்பதைச் சொல்ல வேண்டும். தேயிலைச் செடியில் பாதியைப் பிடுங்கிவிட்டு மரவள்ளி நட்டிருந்தோம். காலையில் கிழங்கு, மத்தியானம் கிழங்கு, ராத்திரிக்குக் கிழங்கு மாவில் ரொட்டி. அரிசியைக் கண்ணால் பார்த்தே மாதக்கணக்காகியிருந்தது. இரண்டு மூட்டை என்று நான் மொழிபெயர்த்துச் சொன்ன அன்றைக்கே லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் பொங்கல் பானையைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அவர்களுக்கு அத்தனை நம்பிக்கை வந்ததற்குக் காரணம் எங்கள் கோல்கீப்பர். லோரியில் தேயிலைப் பெட்டி ஏற்றி இறக்குகிற ஆள், என் வயதுதான். மேலேயிருந்து தள்ளுகிற பெட்டியைக் கீழே நின்று நெஞ்சில் ஏந்திப் பழகியவனுக்குப் பந்து ஒரு பொருட்டா? அவனுக்கு மாற்று ஆள் கிடையாது. இளவட்டங்களில் பாதிப்பேரைச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோயிருந்தார்கள்.

போகிக்குச் சில நாள் முன்பு தேயிலைப் பெட்டிகளோடு அவனும் நானும் ஈப்போவுக்கு இறங்கினோம். மார்கழிக் கடைசி, மலையில் ஓயாத மழை. சரக்கை ஒப்படைத்துவிட்டுத் திரும்பலாம் என்றால் மலைக்கு ஏறுகிற தாப்பா ரோட்டில் மண் சரிந்துவிட்டது. லோரி போகாது. நடந்தால் பொங்கலே முடிந்துவிடும்.

துரை ஆட்டத்தைப் பார்க்கச் சிறு விமானத்தில் போகிறார் என்று கேள்விப்பட்டு, போகியன்று விடிந்ததும் இருவரும் ஈப்போ விமானத் திடலில் போய் நின்றோம். விமானம் ஒரு லோரியை விடச் சின்னது. துரை வந்தார். நாங்கள் வந்த காரணத்தை அவர் மொழியில் சொன்னேன். அவருக்குச் சந்தோஷம்.

"ஓர் ஆளுக்குத்தான் இடம். உங்களில் கோல்கீப்பர் யார்?" என்றார்.

"நான்தான்" என்றேன்.

விமானம் வந்தால் கிழங்குத் தோட்டத்துக்குள் குப்புற விழுந்துதான் எனக்குப் பழக்கம். அதற்குள் உட்கார்ந்து, நாங்கள் குடியிருக்கிற மலையை மேலேயிருந்து ஒரு தரம் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை பிடித்துக்கொண்டது. கோலில் நிற்க வேறு யாராவது கிடைப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கிடைக்கமாட்டான் என்பதும் எனக்குத் தெரியும்.

"என்னா சொல்றாரு கிராணி?" என்றான் அவன்.

"ஆபீஸ் ஆளைத்தான் ஏத்துவாராம்."

ஒரு கணம் அவன் முகம் வாடியது. பிறகு சிரித்துவிட்டான். "சரி, போங்கலா. நான் நடந்து வாரேன். மேல குளிரும், இதப் போட்டுக்குங்க." தன் கம்பளித் தொப்பியைக் கழற்றி என் தலையில் அழுத்தினான். "கதவத் தொறந்து எட்டிப் பாக்காதீங்க, புண்ணியமாப் போவும்!"

ஏறினோம். மலை நெருங்க நெருங்கக் குளிர் எலும்புக்குள் போனது. ஒரு பள்ளத்துக்கு மேல் விமானம் தூக்கிப் போட்டதில், காலையில் தின்ற கிழங்கு முழுவதும் அந்தத் தொப்பிக்குள் வந்துவிட்டது. துரை முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனாலும் நான் பார்த்தேன். பனி விலகிய இடத்திலெல்லாம் பார்த்தேன். கவ்வாத்து வெட்டாமல் விட்டதால் மரமாய் வளர்ந்த தேயிலை ஒரு பக்கம், மரவள்ளி ஒரு பக்கம். மலை முழுக்க ஒட்டுப் போட்ட கைலி மாதிரி கிடந்தது. நடுவே எங்கள் லயத்துக் கூரைகள். அவ்வளவு சின்னதா என்று வாய்விட்டுச் சிரித்தேன்.

தானா ராத்தா மேலே பனி மூடியிருந்தது. திடல் எங்கே என்று தெரியாமல் விமானி சுற்றிச் சுற்றி வந்தான். அப்போது வெள்ளைப் பனியைத் துளைத்துக்கொண்டு கறுப்பாய் ஒரு புகை எழுந்தது. எங்கள் ஆட்கள் பழைய பாயையும் கிழிந்த சாக்கையும் திடல் ஓரத்தில் போட்டுப் போகி கொளுத்தியிருந்தார்கள். அந்தப் புகையைக் குறிவைத்து இறங்கினோம்.

கூட்டம் ஓடி வந்தது. துரை என் தோளைத் தட்டி, தனக்குத் தெரிந்த மலாயில், "கீப்பர் பாகுஸ்!" என்று கத்தினார். நல்ல கீப்பராம். கூட்டம் என்னையும் விமானத்தின் வாசலையும் மாறி மாறிப் பார்த்தது. எங்கள் அணியைப் பார்த்துக்கொண்ட கங்காணி என் காதருகே வந்தார்.

"அவன் எங்கடா?"

"ஈப்போவுல. துரை என்னைத்தான் ஏறச் சொன்னாரு."

"ஆளை மாத்திட்டானா? போய்ச் சொல்லேன் தம்பி!"

எப்படிச் சொல்வது? துரையிடம் பொய் சொன்னவன் கன்னத்தில் அறை விழுந்ததை ஆபீசில் பார்த்திருக்கிறேன். "சொன்னா அடிப்பாரு" என்றேன். அது மட்டும் உண்மை.

"பந்தக் கண்டா கண்ண மூடுற ஆளுலா நீ" என்று தலையில் கை வைத்துக்கொண்டார் கங்காணி.

நின்றேன். எங்கள் பையன்கள் உயிரைக் கொடுத்து ஆடினார்கள். அவர்கள் போட்ட கோலை எல்லாம் நான் டவுன்காரர்களுக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். "கிராணி, கையெழுத்துப் போட வேணாம், புடிச்சா போதும்!" என்று எங்கள் பெண்களே கத்தினார்கள். டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர், "அவரத் திட்டாதீங்கமா, நம்ம ஆளு அவரு!" என்றதும் இரண்டு பக்கமும் சிரித்தது. கண்ணில் நீர் வரச் சிரித்தவர் துரை.

முடியப்போகிற நேரத்தில் இரு பக்கமும் சமம். கடைசியாக ஒரு பந்து சேற்றில் உருண்டு மெதுவாக, மிக மெதுவாக என்னிடம் வந்தது. குனிந்தேன். கால் வழுக்கியது. உட்கார்ந்த என்னைச் சுற்றிக்கொண்டு பந்து உள்ளே போனது.

இரண்டு மூட்டையையும் டவுன்காரர்கள் தூக்கிப் போனார்கள். அரிசி வாங்கிப்போகக் கொண்டுவந்திருந்த துணிப்பைகளைத் தலையில் போட்டுக்கொண்டு எங்கள் பெண்கள் தூறலில் லயத்துக்கு ஏறினார்கள். அப்போதும் ஒருத்தி நான் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்து காட்டினாள்.

அன்று சாயங்காலம் அந்தச் சாப்பாட்டுக் கடைப் பெரியவர் ஒரு தகர டின்னில் அரிசி எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு வந்தார். "ஆட்டம் ஆட்டந்தான். அதுக்காக நல்ல நாளும் அதுவுமா உங்கள விட்டுட்டுத் திங்க முடியுமா?" என்றார். வீட்டுக்கு ஒரு கைப்பிடி வந்தது. மறுநாள் கிழங்குத் துண்டுகளோடு அந்தக் கைப்பிடி அரிசியைப் போட்டு, கரும்புச் சாற்றுப் பாகு ஊற்றிப் பொங்கினோம். பொங்கி வழிந்தபோது போட்ட கூச்சலில் குறைவில்லை.

மாட்டுப் பொங்கலன்று பிற்பகல் அவன் வந்து சேர்ந்தான். முழங்கால் வரை சேறு. லயத்து வாசலிலேயே ஆள் மாறாட்டக் கதையை நடித்துக் காட்டினார்கள். சிலர் என்னைத் திட்டவும் செய்தார்கள். "கிராணி என்னா செய்வாரு? ஆபீஸ் ஆளுதான் வரணும்னு துரை சொன்னாரு. நான் பக்கத்துலதானே நின்னேன்" என்று எனக்காக அவன்தான் வாதாடினான்.

அவன் அம்மா தங்கள் பங்குப் பொங்கலைத் தொடாமல் அவனுக்காக மூடி வைத்திருந்தார். அவன் அதை இலையோடு தூக்கிக்கொண்டு நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கு வந்தான்.

"மேலேருந்து எப்படி இருந்துச்சு? ஒண்ணு விடாமச் சொல்லுங்க."

சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். வந்தது பனியும் மலையும் ஒட்டுப் போட்ட கைலியும். அவன் கண் விரியக் கேட்டான். நம்ம லயம் தெரிஞ்சுச்சா, எந்தப் பக்கம், எவ்வளவு பெரிசு என்று திரும்பத் திரும்பக் கேட்டான். தொப்பி என்ன ஆனது என்று சொன்னபோது விழுந்து புரண்டு சிரித்தான். சிரித்துக்கொண்டே பொங்கலை நடுவில் விரலால் கோடு போட்டுப் பிரித்து, அரிசி அதிகமாய்த் தெரிந்த பக்கத்தை என் முன்னால் தள்ளினான்.

"சாப்பிடுங்க கிராணி. பந்துக்குப் பின்னாடி ஓடி ஓடிப் பசிச்சிருக்கும்."

சாப்பிட்டேன். இனிப்பாக இருந்தது. இலையில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.