கோழிக்குஞ்சுப் படங்களை இறக்கிய நாள்

நாமக்கல்லுக்கு வெளியே, லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்று மூடிக் கிடந்தது. நானும் என் நண்பனும் அதற்கு வெள்ளையடித்து ஓவியக்கூடமாக்கினோம். சென்னையில் சுவர் கிடைக்காதவர்களுக்கு இங்கே சுவர் உண்டு என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னோம். பட்டறையைச் சும்மா கொடுத்தவர் ஒரு கோழிப்பண்ணை முதலாளி.

முதல் கண்காட்சி அவருடைய பண்ணையிலேயே வேலை செய்த ஒரு பெண்ணுடையது. குஞ்சுகளின் மூக்கைச் சூடான தகட்டில் வைத்துத் துண்டிப்பது அவள் வேலை. துண்டிக்காவிட்டால் ஒன்றையொன்று கொத்திக்கொள்ளும். தீவனச் சாக்குகளைப் பிரித்து விரித்து, அந்தக் குஞ்சுகளைத்தான் வரைந்திருந்தாள். ஒவ்வொன்றும் ஆளுயரம். அவற்றை மாட்டிய அன்று என் நண்பன் மதியம் சாப்பிடவில்லை.

திறப்பு நாளில் முதலாளி ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நிதானமாக நின்றார்.

“ஏனுங்க, இது நம்ம பண்ணைக் குஞ்சுங்களா?”

“ஆமாங்க,” என்றேன்.

அவளைக் கூப்பிட்டுத் தலையில் கை வைத்தார். “நல்லாப் போட்டிருக்குற சாமி. இனிப் படமே போடு. பண்ணைப் பக்கம் வராத.” பிறகு எங்களிடம், “பொழுது சாயறதுக்குள்ள எறக்கீருங்க,” என்றார். குரல் உயரவே இல்லை.

ஏணியை நான்தான் பிடித்தேன். அவளே ஏறி, தான் கட்டிய கயிறுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள்.

அடுத்த வாரம் வேறொருவரின் படங்கள் வந்தன. வெறும் வண்ணக் கட்டங்கள். முதலாளி குத்துவிளக்கு ஏற்றினார்.

ஒரு மாதம் கழித்து அவள் வந்தாள். “வேற பண்ணையிலயும் என்னை வேண்டாங்கறாங்க. அவருகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க.”

நண்பன் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, கலைஞர்கள் யாரிடமும் கெஞ்சக் கூடாது என்று அரைமணி நேரம் விளக்கினான். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். “செரிங்க,” என்று எழுந்து போனாள்.

கூடம் பேர் பெற்றது. அதன் வரலாற்றை ஆண்டு விழா மலருக்கு எழுதச் சொன்னபோது, வண்ணக் கட்டங்களையே முதல் கண்காட்சி என்று எழுதினேன். யாரும் திருத்தவில்லை.

சென்ற ஆண்டு செவ்வாய்ப்பேட்டைக் கடைவீதியில், ஒரு மளிகை மண்டி வாசலில் அவள் மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். அருகே போய், “இன்னும் படம் போடறீங்களா?” என்று கேட்டேன்.

“மொளகா நெடி அடிக்கும். தள்ளி நில்லுங்க,” என்றாள்.

தள்ளி நின்றேன். அவள் நிமிரவில்லை.