அன்னார் என்பது நான்தான்

என்னைப் பிரெஞ்சு நாவலாசிரியர் என்று முதலில் அழைத்தவள் என் மனைவி வனஜா. பாராட்டு என்று எண்ணிவிட வேண்டாம். குப்பை வாளியைத் தெருவோரம் வைக்க நான் மறந்துபோன ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், "எங்கடை பிரெஞ்சு நாவலாசிரியருக்கு உதுக்கெல்லாம் எங்கை நேரம்?" என்று பக்கத்து வீட்டுக்காரிக்கும் கேட்கும்படி சொன்னாள். பெயர் ஒட்டிக்கொண்டது. நான் பரிஸில் ஐந்து வருடம் இருந்தது உண்மைதான். அங்கே ஓர் உணவகத்தின் பின்கட்டில் கோப்பை கழுவினேன் என்பதும் உண்மை. எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் முக்கால்வாசி கோப்பை, கரண்டி, சட்டி பற்றியது. மிச்சக் கால்வாசி மன்னிப்புக் கேட்பது. அந்தக் கால்வாசியை எனக்குத் தமிழில் சொல்லத் தெரிந்திருந்தால் நாவலே எழுதியிருக்க மாட்டேன்.

தொழில் விளம்பரம். இருபத்தாறு வருடமாகக் கனடாவின் ஸ்காபரோவில் தமிழ் வானொலிக்கும் பத்திரிகைக்கும் விளம்பரம் எழுதுகிறேன். "சிரியுங்கள், மிச்சத்தை டொக்டர் பார்த்துக்கொள்வார்" என்று ஒரு பல் வைத்தியருக்கு எழுதியவன் நான். "வீடு வாங்க யோசிக்கிறீர்களா? யோசிக்காதீர்கள்" என்று ஒரு வீட்டு முகவருக்கு எழுதியவனும் நானே. அந்த முகவர் இப்போது வாடகை வீட்டில் இருக்கிறார். இவை போக, மரண அறிவித்தல்களும் எழுதிக் கொடுப்பேன். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் காலமானார் என்று தொடங்கி, அடுத்த வரியில் அவரை 'அன்னார்' ஆக்கிவிடுவேன். எங்கள் ஆட்களில் உயிரோடு இருக்கும் ஒருவரையும் யாரும் அன்னார் என்று எழுதுவதில்லை. மூச்சு நின்ற பிறகு கிடைக்கிற மரியாதை அது. வாரம் நாலைந்து பேரை அன்னார் ஆக்கி ஆக்கி என் கை அதற்குப் பழகிவிட்டது.

என் வாழ்க்கையில் உருப்படியான ஒரே மனிதர் என் அண்ணை இரத்தினவேல். பரிஸிலிருந்து நான் வந்திறங்கிய ஜனவரி மாதத்தில், விமான நிலையத்து வாசலில் தன் கோட்டைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டு, கார் வரைக்கும் நடுங்கிக்கொண்டு நடந்தவர். பிறகு மீனும் மரக்கறியும் விற்கும் கடை ஒன்று வைத்தார். நன்றாகத்தான் ஓடியது. ஒன்பது வருடத்துக்கு முன்னர், தெருவுக்கு எதிர்ப்பக்கம் இன்னொரு கடை வந்தது. அவர்கள் என்னிடம் விளம்பரம் கேட்டார்கள். நான் மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. அதைவிடக் கேவலம், எனக்கு ஒரு நல்ல வரி வந்துவிட்டது. "நேற்றைய மீனை நேற்றோடு விட்டுவிடுங்கள்." என் குரலிலேயே நாளுக்குப் பன்னிரண்டு தடவை வானொலியில் போனது. ஊர் முழுக்க அண்ணையின் கடைக்குப் போய், "அண்ணை, உது நேற்றைய மீனோ?" என்று பகிடி விட்டது. நானும் யாரோ சொல்லக் கேட்டுச் சிரித்தேன். மடையன்.

அண்ணை ஒரு தடவைதான் எனக்குப் போன் எடுத்துப் பேசினார். "இஞ்சை பார், நீ செத்தாலும் நான் வரமாட்டன்" என்றார். கத்தவில்லை. நிதானமாகச் சொல்லிவிட்டு வைத்தார். இரண்டு வருடத்தில் கடையை விற்றுவிட்டு விட்பி நகரில் மகளோடு போய் இருந்துவிட்டார்.

பத்துச் சொல்லில் எதையும் விற்கிறவன் என்று பெயர் வாங்கிய எனக்கு, "அண்ணை, மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்ற இரண்டு சொல் வாயில் வரவில்லை. போனைக் கையில் எடுப்பேன், வைப்பேன். அந்த வருடமே வீட்டின் பேஸ்மென்ற் அறையில் இருந்து அதை எழுதத் தொடங்கினேன். நானூற்றுப் பன்னிரண்டு பக்கம் போனது. பரிஸில் கோப்பை கழுவும் ஒருவனுக்குக் கனடாவிலிருந்து வாரா வாரம் கடிதம் போடும் தமையனின் கதை. தம்பி கடைசியாகத் தமையனிடம் வந்து சேரும் பயணத்தோடு முடிகிறது. அதனால் 'இறுதிப் பயணம்' என்று பெயர் வைத்தேன். முதல் பக்கத்தில் 'அண்ணைக்கு' என்ற ஒரு சொல். வனஜா முப்பது பக்கம் வாசித்துவிட்டு, "நல்லாய்க் கிடக்கு, ஆனால் ஒவ்வொரு பந்தியும் முடியேக்கை போன் நம்பர் வரப்போகுதோ எண்டு பயமாய்க் கிடக்கு" என்றாள்.

வெளியீட்டு விழாவுக்கு ஸ்காபரோவின் வோபர்ன் பகுதியில் ஒரு மண்டபம் எடுத்தோம். முன்வரிசையில் ஒரு கதிரையில் அண்ணையின் பெயரை ஒட்டினேன். அவருக்கு அழைப்பிதழ் அனுப்பத் துணிவு வரவில்லை. அவர் விடாமல் வாங்கும் வாரப் பத்திரிகையில் விளம்பரம் போட்டால் கண்ணில் படும் என்று கணக்குப் போட்டேன். விளம்பரத்தில் முதல் வரியிலேயே சாமானைச் சொல்லக்கூடாது, ஆவலைத் தூண்ட வேண்டும் என்பது என் கொள்கை. ஆகவே இப்படி எழுதினேன்:

"நயினாதீவைப் பிறப்பிடமாகவும், பரிஸை முன்னாள் வதிவிடமாகவும், ஸ்காபரோவை வதிவிடமாகவும் கொண்ட சின்னத்தம்பி அன்புராசா அவர்களின் ஒன்பது வருடப் போராட்டம் நிறைவுற்றது. அன்னாரின் இறுதிப் பயணம் எதிர்வரும் ஞாயிறு பகல் பதினொரு மணிக்கு வோபர்ன் மண்டபத்தில் நடைபெறும். உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் கலந்துகொள்ளவும்."

நாவல் என்ற சொல் கடைசி வரியில் சின்ன எழுத்தில் இருந்தது. கோட்டும் ரையும் போட்ட என் படத்தையும் சேர்த்து மரியோவுக்கு அனுப்பிவிட்டேன். மரியோ பத்திரிகையில் பக்கம் கட்டுகிறவன், என் இருபது வருடச் சிநேகிதன்.

வெள்ளிக்கிழமை பத்திரிகை வந்தது. நான் கடைப்பக்கம் போகவே இல்லை. வீட்டில் கண்ணாடிக்கு முன்னால் நின்று ஏற்புரை பழகிக்கொண்டிருந்தேன். இடையிடையே போன் வந்தது. "ஹலோ, சொல்லுங்கோ" என்பேன். எதிர்ப்பக்கம் மூச்சை இழுக்கும் சத்தம் கேட்கும், வைத்துவிடுவார்கள். ஏதோ விற்பனைக்காரர் என்று நினைத்தேன். வனஜாவுக்கும் அழைப்புகள்.

"எப்பிடி அக்கா தாங்கிறியள்?"

"என்ன செய்யிறது. பழகிப்போச்சு."

"கனநாள் கஷ்டப்பட்டவரோ?"

"ஒன்பது வருசம். பேஸ்மென்ற்றை விட்டு மேலை வாறேல்லை."

"பிள்ளையளுக்குச் சொல்லியாச்சோ?"

"சொன்னம். அவையளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதுதானே."

எல்லோரும் என் நாவலைப் பற்றித்தான் இவ்வளவு அக்கறையாகக் கேட்கிறார்கள் என்று அவள் வந்து சொன்னபோது எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. தமிழ்ச் சமூகம் இலக்கியத்தைக் கைவிடவில்லை என்று ஏற்புரையில் ஒரு வசனமும் சேர்த்தேன்.

எங்கள் புத்தக வெளியீடுகளுக்குப் பேச்சாளர்கள் வருவார்கள், அவர்களைக் காரில் ஏற்றி வந்தவர்கள் வருவார்கள், அவ்வளவுதான். அந்த ஞாயிற்றுக்கிழமை கார் நிறுத்த இடமில்லை. எல்லோரும் வெள்ளையும் கறுப்பும் உடுத்திருந்தார்கள். மலர்வளையம் ஒன்று வாசலில் சாத்தியிருந்தது. தேநீரோடு கொடுக்கும் ரோல்ஸ் பலகாரப் பெட்டியோடு நான் இறங்கியதைக் கண்டு பல் வைத்தியர் நெஞ்சில் கையை வைத்தார். மரியோ ஓடிவந்து என் இரண்டு தோளையும் பிடித்து அமத்திப் பார்த்தான்.

"அண்ணை, உங்கடை போனிலையிருந்துதானே வந்தது. வனஜா அக்கா அனுப்பியிருக்கிறா எண்டு நினைச்சன். செத்தவீட்டுக்காரரைக் கரைச்சல்படுத்தக் கூடாதெண்டு புரூஃப் கூட அனுப்பேல்லை. அழுதழுதுதான் கட்டினன். கீழை சின்ன எழுத்திலை கிடந்ததை வாசிக்காமலே எடுத்துப்போட்டு ஒரு மெழுகுதிரி வைச்சுவிட்டன்."

அவன் நீட்டிய பத்திரிகையைப் பார்த்தேன். கறுப்புக் கரை, நடுவில் என் படம். நாவல் என்ற சொல் இருந்த இடத்தில் மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது.

மேடையேறி விளக்கம் சொன்னேன். பிறகு பின்னாலிருந்து ஒருவர், "வந்தது வந்தாச்சு, ரீயைக் குடிச்சிட்டுப் போவம்" என்றார். மண்டபம் சிரித்தது. இரங்கலுரைக்கு வந்தவர்கள் அதையே நூல் ஆய்வுரையாக நிகழ்த்தினார்கள். பெரிதாக ஒன்றும் மாற்ற வேண்டி வரவில்லை. இவ்வளவு நல்லவனாக நான் ஒருநாளும் இருந்ததில்லை.

ஆனால் முன்வரிசைக் கதிரை வெறுமையாகக் கிடந்தது. ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் பார்த்தேன். அண்ணை பத்திரிகை வாங்காமல் விட்டிருக்க மாட்டார். மரண அறிவித்தல் பக்கத்தைத்தான் முதலில் பிரிப்பார். என் படத்தைக் கண்டிருப்பார். கண்டும் வரவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார், நான் செத்தும் வரவில்லை. மேடையில் இருந்தபடியே எனக்கு அழுகை வந்தது. என் எழுத்தைக் கேட்டு நானே உருகுவதாகச் சபை நினைத்திருக்கும்.

நன்றியுரை நடக்கும்போது கதவு திறந்தது. அண்ணி கமலாம்பிகை முன்னால் வந்தார், நல்ல மஞ்சள் சேலை. பின்னால் அண்ணை, சிவப்புக் கோடு போட்ட சேர்ட். அத்தனை வெள்ளைக்கு நடுவில் அவர் மட்டும் கல்யாண வீட்டுக்கு வந்தவரைப் போல இருந்தார். நான் மேடையிலிருந்து இறங்கிப் போய் முன்னால் நின்றேன்.

"அண்ணை, நான் செத்துப்போனன் எண்டோ வந்தனீங்கள்?"

"சீ. வெள்ளிக்கிழமை உன்ரை நம்பருக்கு அடிச்சன். 'ஹலோ, சொல்லுங்கோ' எண்டாய். வைச்சிட்டன்."

"அடிக்க முதல் பேப்பரை வைச்சுக்கொண்டு அப்பிடியே நிலத்திலை இருந்திட்டார், தம்பி" என்றார் அண்ணி. "நான்தான் நம்பரை அமத்திக் குடுத்தனான்."

"நீர் சும்மா இரும்" என்றார் அண்ணை. பிறகு என்னைப் பார்த்தார். "செத்தாலும் வரமாட்டன் எண்டுதான் சொன்னனான். உயிரோடை இருந்தா வாறதைப் பற்றி நான் ஒண்டும் சொல்லேல்லை."

மேசையிலிருந்த ஒரு புத்தகத்தை எடுத்து நீட்டினேன். அண்ணை அதை இரண்டு கையாலும் வாங்கிப் பாரம் பார்த்தார். முதல் பக்கத்தைத் திறந்தார், அந்த ஒற்றைச் சொல்லில் கனநேரம் நின்றார். பிறகு புத்தகத்தை மூக்கடியில் கொண்டுபோய் மணந்தார்.

"உது நேற்றையதோ?"

"ஒன்பது வருசப் பழசு, அண்ணை."

"பரவாயில்லை" என்றார். "பேப்பரிலை சுத்தித் தா."