ஸ்ருதி சேராத ஆர்கன்

காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸில் என் மனைவி ரமணியைப் பற்றி யாரைக் கேட்டாலும், "அந்தக் குழாய் மாமியா?" என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், எனக்கென்ன!

அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். 2003-இல் செகந்தராபாத் சர்ச் ஒன்றில் பைப் ஆர்கன் கேட்டாள். அதில் ஒரே ஸ்வரத்துக்கான இரண்டு குழாய்கள் ஸ்ருதியில் இம்மியளவு விலகி நின்றனவாம். இரண்டும் சேர்ந்து ஊதியபோது சத்தம் அலையலையாக அதிர்ந்திருக்கிறது. மற்றவர்கள் முகம் சுளித்தார்கள். இவளுக்குப் பித்துப் பிடித்துவிட்டது.

ஊர்ப் பிள்ளைகளெல்லாம் ஹைடெக் சிட்டிக்கு ஓடிக்கொண்டிருந்த காலத்தில் இவள் பிளம்பர் கடைக்கு ஓடினாள். பி.வி.சி. குழாய்களை அறுத்து, வாய் வெட்டி, மேல்முனையில் தக்கை செருகி, வாக்யூம் கிளீனரைத் திருப்பி மாட்டிக் காற்றூத வைத்து, ஆர்மோனியக் கட்டைகளைப் பொருத்தி, எங்கள் ஹாலில் ஓர் ஆர்கனையே கட்டிவிட்டாள். தக்கையை உள்ளே தள்ளினால் ஸ்ருதி ஏறும், இழுத்தால் இறங்கும். ஒவ்வொரு ஜோடியையும் வேண்டுமென்றே சேராமல் வைத்தாள்.

கொலுவுக்கு வந்தவர்களெல்லாம் சொல்லிவைத்தாற்போல், ஸ்ருதி சேரவில்லையே என்று அனுதாபப்பட்டார்கள். சேரக்கூடாது என்று அவள் சொன்னதை ஒருத்தரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "அம்மா, நக்கோ! வேண்டாம்மா!" என்று மகள் ஸ்ரேயா கையெடுத்துக் கும்பிட்டாள்.

வீட்டுக்கு வெளியே அந்தச் சத்தம் ஒரு தடவையாவது கேட்க வேண்டும், அவ்வளவுதான் ரமணியின் ஆசை. நடையாய் நடந்து, தமிழ்ச் சங்கத்து நவராத்திரி மேடையில் கால் மணி நேரம் வாங்கினாள். செயலாளர் சக்ரபாணிக்கு சங்கீத ஞானம் அதிகம். நல்லெண்ணத்தில்தான் செய்தார், மனுஷர். ஆர்கனை மேடையில் ஏற்றிவைத்துவிட்டு நாங்கள் காபி குடிக்கப் போன நேரத்தில் தக்கைகளைத் தள்ளி, எல்லா ஜோடிகளையும் கனகச்சிதமாகச் சேர்த்து வைத்துவிட்டார்.

ரமணி மேடையேறி முதல் கட்டையை அழுத்தினாள். தேன் மாதிரி வந்தது. சபை தலையாட்டிக் கைதட்டியது. அவள் முகம் வெளுத்துவிட்டது. பேசாமல் வாசித்துவிட்டு இறங்கியிருந்தால் சால்வையே போர்த்தியிருப்பார்கள். இவளா இறங்குவாள்? புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, அத்தனை பேர் எதிரில் தக்கைகளை இழுத்துவிட்டாள். மறுபடி அழுத்தினாள். என் அடிவயிறு வரை அதிர்ந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஜனங்கள் எழுந்து போகத் தொடங்கினார்கள்.

சக்ரபாணி மைக்கைப் பிடித்தார். "ஏம்மா, நன்னா சேர்த்து வெச்சதைக் கெடுத்துட்டேளே. இதை யாரும்மா கேப்பா?"

கட்டையிலிருந்து விரலை எடுக்காமலே ரமணி சொன்னாள். "நான் கேக்கறேன், சார். நீங்க உக்காருங்கோ."

அவர் உட்கார்ந்தார். கால் மணி நேரம் முடியும்வரை அவள் விடவில்லை.