சின்னத் தாழ்ப்பாளின் நீலச்சட்டை

அந்தத் தெருவில் அவளுக்குப் பேர் சின்னத் தாழ்ப்பாள். பெரிய தாழ்ப்பாள் யார் என்று கேட்கவே வேண்டாம், அவளைப் பெற்றவள்தான். ஒரே ஒரு வாசல் கதவு. அதற்கு மேலே ஒரு தாழ்ப்பாள், கீழே ஒரு தாழ்ப்பாள், நடுவில் சங்கிலி, இதெல்லாம் போதாதென்று குறுக்கே ஓர் இரும்புப் பட்டை. இப்படிப் போட்டு வைத்தால் தெரு வேறென்ன பேர் வைக்கும்? உள்ளே என்ன புதையலா இருந்தது? நாலு பாய், ஒரு நாற்காலி, கால் ஆடுகிற மேசை ஒன்று. திருடன் வந்தால் பரிதாபப்பட்டு ஏதாவது வைத்துவிட்டுத்தான் போவான்.

எல்லாம் அந்த நீலச்சட்டைக்காரன் செய்த வினை. அவள் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது நடந்தது. ஆண்கள் எல்லாரும் வேலைக்குப் போன பிறகு, ஒரு மத்தியானம், காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு எதிர்வீட்டுத் தையல்காரர் வீட்டில் வந்து நின்றான் ஒருவன். "மீட்டர் பாக்கணும்மா." அந்த ஊரில் கரண்ட் ஆபீஸ்காரர்களுக்கு நீலச்சட்டை. மீட்டரெல்லாம் வீட்டுக்குள்ளே, சமையலறைக்குப் பக்கத்தில். தையல்காரர் மனைவி உள்ளே விட்டாள். அவளைக் குளியலறையில் வைத்துப் பூட்டிவிட்டு நகை, ரேடியோ, கத்தரிக்கோல், யாரோ ஒரு மாப்பிள்ளைக்குத் தைத்து மாட்டியிருந்த கல்யாணக் கோட்டு வரைக்கும் வழித்துக்கொண்டு போய்விட்டான். அந்த மாப்பிள்ளை கடன் வாங்கிய கோட்டில் கல்யாணம் பண்ணிக்கொண்டான், பாவம்.

அதே மாதத்தில் இன்னும் பல தெருக்களில் இதே கைவரிசை. சந்தைத் தெருவில் ஒரு பெரியவர் மறித்திருக்கிறார். தள்ளிவிட்டான். விழுந்த மனுஷர் எழுந்திருக்கவே இல்லை. அதற்கப்புறம் ஊரில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

சிரிப்பு வரவில்லையே தவிர, பேச்சு வந்தது. வாய்க்கு வாய் ஈரைப் பேனாக்கி, பேனைப் பெருமாளாக்கினார்கள். குழாயடியில் ஆறடியாக இருந்தவன் மளிகைக்கடைக்கு வருவதற்குள் ஏழடி ஆனான். கையில் ஆறு விரல் என்றாள் ஒருத்தி. பிள்ளைகளை மோப்பம் பிடித்தே கண்டுபிடித்துவிடுவான் என்றாள் இன்னொருத்தி. அதைக் கேட்ட நாளிலிருந்து சின்னத் தாழ்ப்பாள் குளிக்கமாட்டேன் என்று அடம்பிடித்தாள். சோப்பு வாசனையை வைத்துப் பிடித்துவிடுவானாம். பள்ளிக்கூடத்தில் படம் வரையச் சொன்னால் வானத்துக்குப் பச்சை அடித்தாள். ஏன் என்று டீச்சர் கேட்டதற்கு, "நீலம் வீட்டுக்குள்ள வரக்கூடாது மிஸ், அம்மா அடிப்பாங்க" என்றாள்.

இதில் பெரிய கூத்து என்னவென்றால், அவள் அப்பா பஸ் டிப்போவில் மெக்கானிக். டிப்போவிலும் நீலச்சட்டைதான்.

"நீலச்சட்டை போட்டு எவன் வந்தாலும் இந்தக் கதவு திறக்காது. எமனே வந்தாலும் சரி, நீங்களே வந்தாலும் சரி" என்று சொல்லிவிட்டாள் பெரிய தாழ்ப்பாள். அப்பா வாசல் தூணில் ஓர் ஆணி அடித்தார். தினமும் சாயங்காலம் தெருவே பார்க்க அங்கே நின்று சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, பனியனோடு ஜன்னல் பக்கம் வருவார். அதோடு முடிந்ததா? கேள்வி வேறு. வீட்டு ஆளுக்கு மட்டும்தான் பதில் தெரிகிற கேள்வியாக இருக்க வேண்டும்.

"நேத்து எதுக்குச் சண்டை போட்டோம்?"

"எந்தச் சண்டையைக் கேக்கற? மூணு போட்டோம்."

இதைக் கேட்டதும்தான் தாழ்ப்பாள் ஒவ்வொன்றாக இறங்கும். அந்தப் பதிலை வேறு எவனாலும் சொல்ல முடியாது என்பது அவள் கணக்கு. எல்லா வீட்டுப் புருஷனும் சொல்லக்கூடிய பதில்தான் அது, யார் போய் அவளிடம் சொல்வது?

ஒரு நாள் ஆணியிலிருந்த சட்டையே களவு போனது. அப்பா தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார். அம்மா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "பாத்தீங்களா? நான் சொன்னப்ப சிரிச்சீங்களே! வந்திருக்கான் பாருங்க!"

"அடியே, சட்டையை வெளியில மாட்டச் சொன்னதே நீதானே?"

"வெளியில மாட்டினதால சட்டையோட போச்சு. உள்ள வந்திருந்தா என்ன ஆயிருக்கும்?" மறுநாளே டிப்போவில் அப்பா புதுச்சட்டைக்கு எழுதிக்கொடுத்தார்.

தாயைப் போல பிள்ளை என்பது சும்மா இல்லை. அம்மா கடைக்குப் போயிருந்த ஒரு சாயங்காலம் அப்பா வந்தார். சட்டையைக் கழற்றினார். ஜன்னலுக்குள்ளிருந்து கீச்சுக்குரல் கேட்டது. "நான் எந்தக் கிளாஸ் படிக்கிறேன்?"

அப்பா திருதிருவென்று விழித்தார். "மூணு... இல்ல, நாலா?"

"திருடன்!" என்று அவள் போட்ட கூச்சலில் தெரு கூடிவிட்டது. அப்பா பனியனோடு நடுவில் நின்றார். பை நிறைய காய்கறியோடு வந்த அம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டு மகளைக் கட்டிக்கொண்டாள். "சரியாத்தான் செஞ்சிருக்க. பெத்த பொண்ணு என்ன படிக்குதுன்னு தெரியாத ஆளு வெளியிலதான் நிக்கணும்." அன்றைக்குத்தான் தெரு அவளுக்குச் சின்னத் தாழ்ப்பாள் என்று பேர் வைத்தது. அப்பா அதன்பிறகு வருஷா வருஷம் வகுப்பு மாறிய அன்றே பள்ளிக்கூட வாசலில் நின்று கேட்டுத் தெரிந்துகொண்டார்.

கொஞ்ச காலம் கழித்து அந்தத் திருடனை வேறு ஊரில் பிடித்தார்கள். பேப்பரில் படம் வந்தது. ஏழடியும் இல்லை, ஆறு விரலும் இல்லை. வழுக்கைத் தலை, சோடா புட்டிக் கண்ணாடி, ஊதினால் விழுந்துவிடுகிற உடம்பு. இவனுக்கா பயந்தோம் என்று சின்னத் தாழ்ப்பாளுக்கு அழுகையே வந்துவிட்டது. அப்பா பேப்பரை நீட்டினார். "பிடிச்சிட்டாங்க பாரு. இனிமேலாவது சட்டையோட வரட்டுமா?"

அம்மா படத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். "பிடிச்சது ஒருத்தனைத்தானே? சட்டை இன்னும் கடையில விக்குதே."

அப்படியே வருஷங்கள் ஓடின. சின்னத் தாழ்ப்பாள் படித்து முடித்து வெளியூரில் ஒரு கடையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அப்பா டிப்போவில் ஒரு பஸ்ஸுக்கு அடியிலிருந்து எழுந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான். அவள் ஊர் வந்து சேர்வதற்குள் அவரைக் குளிப்பாட்டி, வெள்ளை உடுத்திக் கிடத்தியிருந்தார்கள். அந்த அழுகைக்கு நடுவிலும் கதவில் சங்கிலி இல்லாததை அவள் கண் கவனித்தது. வளர்ப்பு அப்படி. அடுத்த முறை வந்தபோது புதுச்சங்கிலி பளபளத்தது. கேட்டதற்கு, "பழசு துருப்பிடிச்சுப் போச்சு" என்றாள் அம்மா.

பிறகு கல்யாணம் ஆகி, சொந்த ஊரின் இன்னொரு கோடிக்குக் குடிவந்தாள். கரண்ட் ஆபீஸில் பெண்களை வேலைக்கு எடுத்தார்கள். ஆணைக் கண்டால் கதவு திறக்காத வீடுகள் அந்த ஊரில் இன்னும் இருந்தன, அதனால்தான் எடுத்தார்கள். அவள் மனு போட்டாள், கிடைத்தது. மீட்டர் பார்க்கிற வேலை. நீலச்சட்டை. அம்மாவிடம் "கரண்ட் ஆபீஸ்ல வேலைம்மா" என்று மட்டும் சொன்னாள். மிச்சத்தை அம்மாவே இட்டுக்கட்டித் தெருவெல்லாம் பெருமை பேசினாள். "ஃபேனுக்குக் கீழ உக்காந்து எழுதுற வேலை."

வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. ஒரு நாள் மேலாளர் கூப்பிட்டார். "ஒரு தெரு இருக்கு. நீலச்சட்டைன்னாலே கதவைத் திறக்க மாட்டாங்க. குத்துமதிப்பாவே பில் போட்டுப் போட்டு, மேலிடத்துல என் தலையை உருட்டுறாங்க. அந்தத் தெரு மீட்டர் அத்தனையும் பாத்துட்டு வந்துட்டா, உன்னை நிரந்தரம் பண்ண எழுதுறேன். இல்லேன்னா, அடுத்த மாசம் உனக்குப் பதிலா வேற ஆளைப் பாக்கச் சொல்லியிருக்காங்க." அவர் சொன்னது அவள் பிறந்து வளர்ந்த தெருவேதான். இந்த வேலையை நம்பித்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிந்தது. புருஷன் வேலை பார்த்த அச்சகம் மூடி மாதக்கணக்காகிவிட்டது.

அம்மா வீட்டை விட்டுவிட்டு முதலில் எதிர்வீட்டைத் தட்டினாள். தையல்காரர் மனைவி ஜன்னலைத் திறந்தாள். தலை நரைத்திருந்தது, கண்ணில் அந்தப் பழைய பயம் மட்டும் அப்படியே இருந்தது.

"அத்தை, நான்தான். மீட்டர் பாக்கணும்."

"நீதான்னு தெரியுதும்மா. உங்கம்மா திறந்தாங்களா?"

"அங்க இன்னும் போகல. இதோ பாருங்க, ஆபீஸ் அட்டை இருக்கு."

"அட்டை அவனும்தான் வச்சிருந்தான். முதல்ல உங்கம்மா திறக்கட்டும், பின்னாடியே நான் திறக்கிறேன். அவங்க திறக்காத கதவை நான் திறந்து நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, அவங்க வாயை யாரு மூடுறது?"

அடுத்த வீட்டிலும் இதே பாட்டு. அதற்கடுத்த வீட்டில் ஜன்னலைக்கூடத் திறக்கவில்லை, உள்ளிருந்தே பாடினார்கள். சரி, சுற்றிச் சுற்றி வந்தாலும் சுப்பன் கொல்லைதான் என்று அம்மா வீட்டு வாசலுக்கு வந்தாள். தூணில் ஆணி அப்படியே இருந்தது. கதவைத் தட்டினாள்.

"யாரு?"

"நான்தாம்மா."

ஜன்னலில் ஒரு கண் மட்டும் தெரிந்தது. "குரல் என் பொண்ணோடது. சட்டை யாரோடது?"

"ஆபீஸ்ல குடுத்தது."

"ஃபேனுக்குக் கீழ உக்காந்து எழுத எதுக்குடி நீலச்சட்டை?"

இனி மறைத்து என்ன? "மீட்டர் பாக்குற வேலைம்மா."

உள்ளே வெடித்தது. "அடிப்பாவி! உலகத்துல உனக்கு வேற வேலையே கிடைக்கலியா? பாம்பு பிடிக்கப் போயிருக்கலாமேடி!"

"அம்மா, கதவைத் திற."

"கழட்டி ஆணியில மாட்டிட்டு வா, திறக்கிறேன்."

"கழட்டிட்டு வந்தா உன் பொண்ணு வந்ததாத்தான் ஆகும். மீட்டர் பாக்கிறவ வந்ததா ஆகாது. தெருவே பாத்துக்கிட்டு இருக்கு. நீ இந்தச் சட்டையை உள்ள விட்டாத்தான் அவங்க விடுவாங்க. இல்லேன்னா என் வேலை போயிடும்மா. எங்க வீட்டுல எல்லாரும் இதை நம்பித்தான் இருக்கோம்."

"உங்கப்பாவே கழட்டிட்டுத்தான் வந்தாரு. நீ என்ன அவரைவிடப் பெரிய ஆளா?"

அப்பா பேச்சை எடுத்ததும் அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இத்தனை வருஷமாக அடிவயிற்றில் கிடந்த கோபம். "அப்பாவைப் பத்திப் பேசாத! மழையில பனியனோட நின்னாரு. தெருவே சிரிச்சுது, அவரும் கூடச் சேந்து சிரிச்சாரு. அந்த மனுஷனை ஒரு நாளாவது, ஒரே ஒரு நாளாவது, சட்டையோட உள்ள விட்டியா நீ?"

"விட்டேன்" என்றாள் அம்மா.

குரல் மாறியிருந்தது. ஜன்னலிலிருந்த கண் நகர்ந்துவிட்டது.

"டிப்போவிலேர்ந்து கொண்டாந்தாங்களே, அன்னைக்கு. சட்டையோடதான் கொண்டாந்தாங்க. தூக்கிட்டு வந்தவங்க நாலு பேரும் நீலச்சட்டை. யாரு என்னன்னு நான் ஒரு வார்த்தை கேக்கல. எல்லாத் தாழ்ப்பாளையும் திறந்தேன். சங்கிலி மட்டும் அவசரத்துக்குக் கழலல. பிடிச்சு இழுத்தேன் பாரு, ஆணியோட பிடுங்கிக்கிட்டு வந்துடுச்சு."

துருப்பிடித்தது என்று சொன்ன சங்கிலி! சின்னத் தாழ்ப்பாள் கையிலிருந்த பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அந்தச் சட்டை நடந்து உள்ள வந்து நான் பாத்ததே இல்லடி" என்றாள் அம்மா.

மேல் தாழ்ப்பாள் இறங்கியது. கீழ்த் தாழ்ப்பாள் ஏறியது. இரும்புப் பட்டை தரையில் டங்கென்று விழுந்தது. சங்கிலி கழன்றது. தெரு முழுக்க ஜன்னல்கள் திறக்க, நீலச்சட்டை நடந்து உள்ளே போனது. மீட்டரில் இத்தனை வருஷத்து ஒட்டடை. அவள் ஸ்டூலில் ஏறித் துடைத்து எண்ணைக் குறிக்கிற வரைக்கும் அம்மா ஒரு கையால் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கையில் துடைப்பக்கட்டை. "இது எதுக்கும்மா?" என்றாள் மகள். "பழக்கம்" என்றாள் அம்மா.

அப்புறம் பெரிய தாழ்ப்பாள் வாசலில் நின்று ஒரு குரல் கொடுத்தாள் பாருங்கள், தெருக்கோடி வரைக்கும் கேட்டது. "நல்லா சோதிச்சுட்டேன்! என் பொண்ணுதான்! எல்லாரும் திறங்க!" ஒவ்வொரு கதவாகத் திறந்தது. தையல்காரர் மனைவி மட்டும் முன்னெச்சரிக்கையாகக் குளியலறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டுதான் உள்ளே விட்டாள். கடைசி வீட்டு மீட்டரையும் குறித்து முடித்தபோது வெயில் தாழ்ந்துவிட்டது. மேலாளருக்கு ஃபோன் போட்டாள். "அத்தனையுமா?" என்று கேட்டவர், நாளைக்கே எழுதி அனுப்புவதாகச் சொன்னார்.

அந்தச் சேதியை அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போகலாம் என்று திரும்பி வந்தாள். கதவு பழையபடி சாத்தியிருந்தது. தூணருகே வந்ததும் அவள் கை தானாகவே முதல் பட்டனைக் கழற்றியது.

"கழட்டாத" என்றது ஜன்னல். "அப்படியே வந்து உங்கப்பா நாற்காலியில கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போ."

அவள் பட்டனைத் திரும்பப் போட்டுக்கொண்டு கதவருகே போய் நின்றாள். கதவு திறக்கவில்லை.

"திறம்மா."

"கேள்வி கேக்காமலா? நேத்து எதுக்குச் சண்டை போட்டோம்?"

நேற்று அவர்கள் பார்த்துக்கொள்ளவே இல்லை. அவள் ஒரு நிமிஷம் அந்த ஆணியைப் பார்த்தாள்.

"எந்தச் சண்டையைக் கேக்கற?" என்றாள். "மூணு போட்டோம்."

உள்ளே தாழ்ப்பாள் ஒவ்வொன்றாகத் திறக்கிற சத்தம் கேட்டது. நடுநடுவே அம்மா மூக்கைச் சிந்துகிற சத்தமும் கேட்டது.