குட்டைப் பலகை

இயற்பியலில் பட்டம் வாங்கியவன் நான். நெம்புகோல் பாடத்தில் ஒரு மதிப்பெண்கூடக் குறைந்ததில்லை என்று பெண் பார்க்கப் போன இடத்திலேயே சொல்லிக்கொண்டவன். அப்படிப்பட்ட நான், ஒரு மனிதரின் கால் இயந்திரத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டு கிடந்தபோது, கடப்பாரைக்கு முட்டுக் கொடுக்கத் தோல் மூட்டையை இழுத்துக்கொண்டு ஓடினேன். இதை இன்றுவரை வீட்டில் சொன்னதில்லை.

ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் எனக்கு ஸ்டோர் பொறுப்பு. இயந்திரங்களை ஏற்றி இறக்க ஒரு மேஸ்திரி வருவார். ஐம்பதைத் தாண்டிய ஒல்லி ஆள். ஒரு கடப்பாரை, நான்கு இரும்புக் குழாய், ஒரு தாம்புக்கயிறு, அவ்வளவுதான் அவருடைய தளவாடம். ஒரு டன் இரும்பைக் குழாய்களின் மேல் ஏற்றி, கர்ப்பிணியை நடத்திக் கூட்டிப் போவதுபோல் கூட்டிப் போவார். நான் கூடவே நடந்து, உராய்வு எப்படிக் குறைகிறது என்று விளக்குவேன். "அப்டிங்களா சார்? கொஞ்சம் தள்ளி நின்னு சொல்லுங்க" என்பார்.

அன்று லாரியில் வந்தது தோல் வெட்டும் பிரஸ். லாரிக்கும் தரைக்கும் நடுவே பலகையைச் சாய்த்துப் போட்டு, கயிற்றைத் தூணில் இரண்டு சுற்றுச் சுற்றி, மெல்ல மெல்ல விட்டு இறக்குவது அவர் வழக்கம். நீளப் பலகை பின்பக்க ஷெட்டில் கிடந்தது. அதைப் போட்டால் மாதனூர் போகிற கம்பெனி பஸ் திரும்ப இடமிருக்காது. குட்டைப் பலகையே போதும் என்றேன்.

"குட்டையில சரிவு ஜாஸ்தி சார். மெஷினு நம்ம பேச்ச கேக்காது."

"அஞ்சு நிமிஷ வேலை மேஸ்திரி. பஸ் வந்துடும்."

அவர் ஒரு கணம் பலகையைப் பார்த்தார். பிறகு குட்டையையே எடுத்துப் போட்டார். சரிவு கூடினால் இழுப்பும் கூடும் என்று இதே மனிதருக்குப் போன மாதம்தான் படம் போட்டுக் காட்டியிருந்தேன்.

கயிற்றின் நுனியை லாரி டிரைவர் பிடித்திருக்க, மேஸ்திரி கீழே நின்று பிரஸை நேர்பார்த்தார். பாதி வழியில் கயிறு தூணில் வழுக்கியது. பிரஸ் சரசரவென்று இறங்கித் தரையில் இடித்து நின்றது. மேஸ்திரி உட்கார்ந்த நிலையில் இருந்தார். அவருடைய வலது பாதம் மட்டும் கண்ணில் படவில்லை. அவர் கத்தவில்லை. "சார்" என்றார், அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லுக்கு என் படிப்பு முழுவதும் வடிந்துபோனது.

செயின் கப்பி ஸ்டோரில் இருந்தது. மாட்டுவதற்குத் திறந்த வெளியில் உத்திரம் ஏது? கடப்பாரையை எடுத்தேன். புத்தகத்தில் நெம்புகோலுக்கு அடியில் ஒரு முக்கோணம் இருக்கும். அது எதனால் ஆனது என்று எந்தப் பரீட்சையிலும் கேட்டதில்லை. எங்கள் ஊரில் கை நீட்டினால் தோல்தான் அகப்படும். விற்பதற்காகக் கட்டி வைத்திருந்த வெட்டுத் துண்டு மூட்டையை இழுத்து வந்து, அதன்மேல் கடப்பாரையை வைத்து என் எடை முழுவதையும் போட்டேன். கடப்பாரை நிதானமாக மூட்டைக்குள் இறங்கியது. பிரஸ் அசையவே இல்லை. மறுபடி அழுத்தினேன். நுனி வழுக்கி, பிரஸ் ஒரு நூல் அளவு உட்கார்ந்தது. மேஸ்திரியின் வாயிலிருந்து வந்த சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. மூன்றாவது முறையும் அதே மூட்டையின் மேல்தான் அழுத்தப் போனேன். வேறொன்றும் தோன்றவில்லை.

பஸ்ஸுக்காக வெளியே வந்த தையல் பகுதி அக்கா ஒருவர் என்னைத் தோளில் பிடித்துத் தள்ளினார். "இன்னா சார் பண்ற? தோலு அமுங்காதா?" கேட் சாத்திக்கொள்ளாமலிருக்க வைத்திருந்த கருங்கல்லை இரண்டு பெண்களோடு உருட்டி வந்தார். "இன்னும் கிட்ட," என்றார் மேஸ்திரி, பல்லைக் கடித்தபடி. "மெஷின ஒட்டி வை. சார், நடுவுல புடிக்காத. கடைசிக்கு போ." கடப்பாரையின் கடைசி நுனியில் நான்கு பேர் தொங்கினோம். பிரஸ் இரண்டு விரற்கடை எழும்பியது. டிரைவர் அந்தச் சந்தில் கட்டையைச் செருகினார். அக்கா மேஸ்திரியை அக்குளில் பிடித்துப் பின்னால் இழுத்தார். செருப்பு உள்ளேயே தங்கிவிட்டது.

வேலூரில் ஆஸ்பத்திரி. இரண்டு கால்விரல்களை எடுத்துவிட்டார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்க்கப் போனேன். படியில்லாமல் சக்கர நாற்காலிக்காகக் கட்டிய சரிவுப் பாதையில்தான் வார்டுக்கு ஏறினேன். நீளமான, சாதுவான சரிவு. ஏறி முடிப்பதற்குள் கண் கலங்கிவிட்டது. கையில் ஆற்காடு மக்கன் பேடா இனிப்புப் பெட்டி. போன இரண்டு விரலுக்கு அதுதான் ஈடு என்று நினைத்த மடையன் நான். பஸ்ஸில் ஒத்திகை பார்த்ததை ஒப்பித்தேன். தவறு என்னுடையது, குட்டைப் பலகை போடச் சொன்னது நான், வாழ்நாள் பூராவும் இதைச் சுமப்பேன் என்றெல்லாம்.

மேஸ்திரி ஒரு பேடாவைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார். கட்டுப் போட்ட காலைச் சற்று நகர்த்தி வைத்தார்.

"நீளப் பலகைய ஷெட்லருந்து தூக்கியார எனக்கு சோம்பேறித்தனம் சார். நீ சொல்லித்தான் போட்டேன்னா நெனச்சிக்கினு இருக்க?"